விறகுக்காரனைத் தேடி ஐந்து நாள்

முதல் நாள், குவாங்சோ

மகன் இங்கே வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. "ரிட்டயர் ஆகிட்டீங்கல்லா, ஒரு தடவை வந்துட்டுப் போங்கப்பா" என்று ஆறு மாதமாக நச்சரித்தான். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். மால், கண்ணாடிப் பாலம், வானளாவிய கட்டடம் எதுவும் எனக்கு வேண்டாம்; ஹுய்நெங் இருந்த இடங்களைக் காட்டுவதென்றால் வருகிறேன் என்றேன். "அது யாருப்பா?" என்று கேட்டான். சீனாவில் மூன்று வருஷம் குப்பை கொட்டியவன் கேட்கிற கேள்வி!

ஹுய்நெங் பிறந்தது 638இல், இதே குவாங்தோங் மாகாணத்தில். அப்பா வடக்கே அதிகாரியாக இருந்து, பதவி பறிபோய், தெற்கே தள்ளப்பட்டவர். சீக்கிரமே செத்தும் போனார். பையன் விறகு வெட்டிச் சந்தையில் விற்று அம்மாவைக் காப்பாற்றினான். எழுத்து வாசனையே கிடையாது. அந்த விறகுக்காரன்தான் பின்னால் சீனத் தியான மரபான சான் பௌத்தத்தின் ஆறாவது குரு ஆனார். ஜப்பானியர் அதை ஜென் என்கிறார்கள். முதல் குரு நம்ம போதிதர்மர்.

'நம்ம' என்று கை தானாக எழுதிவிட்டது. ஒரு சினிமா வந்ததிலிருந்து அவர் சந்தேகத்துக்கு இடமில்லாத காஞ்சிபுரத்துக்காரர் ஆகிவிட்டார். ஆனால் அவரைப் பற்றிய மிகப் பழைய சீனக் குறிப்பு, 547 வாக்கில் எழுதியது, அவரைப் பாரசீகர் என்கிறது. அடுத்து வந்த குறிப்பு, தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்கிறது. காஞ்சி என்று ஊர்ப்பெயர் சேர்ந்தது பிற்கால மரபில். தென்னிந்தியர் என்ற அளவில் நான் சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன்.

அவர் கப்பலில் வந்து கரையிறங்கியதாகச் சொல்லும் இடத்தில் இப்போது ஹுவாலின் கோயில் இருக்கிறது. சாங்ஷோ லூ மெட்ரோவில் இறங்கினால் நடந்து போகும் தூரம்தான். சுற்றிலும் பச்சை மாணிக்கக் கல் சந்தை. ஒரு காலத்தில் ஆற்றங்கரையாக இருந்ததாம். இன்று ஆறு எங்கோ தள்ளிப் போய்விட்டது. வளையல் கடைகளுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டுத்தான் கோயிலுக்குள் நுழைந்தோம். உள்ளே ஐந்நூறு அருகர்கள், அதாவது ஞானம் அடைந்த பௌத்தத் துறவிகள், சிலையாக வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் காது குடைகிறார், ஒருவர் கொட்டாவி விடுவது போல வாயைத் திறந்திருக்கிறார், தொப்பி போட்ட ஒருவரை மார்க்கோ போலோ என்கிறார்கள். பழைய சிலைகள் மாவோ காலத்துப் பண்பாட்டுப் புரட்சியில் போய்விட்டன. இவை புதிதாகச் செய்தவை. இரண்டு முகம் ஒன்று போல இல்லை. பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் நின்று பார்ப்பது போல இருந்தது. ஞானம் அடைந்தவர்களைச் செய் என்று சொன்னால் இந்த முகங்களைச் செய்ய வேண்டும் என்று அந்தச் சிற்பிக்குத் தோன்றியிருக்கிறதே!

கால் வலி. மீதி நாளைக்கு.

இரண்டாம் நாள், குவாங்சியாவ் கோயில்

"ஊர் உண்டாவதற்கு முன்பே குவாங்சியாவ் உண்டு" என்று இங்கே ஒரு சொலவடை. கோயிலுக்குள் பெரிய ஆலமரங்கள், ஒரு போதிமரம். 502இல் ஓர் இந்தியத் துறவி கப்பலில் கொண்டுவந்து நட்ட மரத்தின் இடத்தில், பின்னாளில் வைத்த வாரிசு இது. அரசமரத்தைப் பார்த்ததும் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. பக்கத்தில் நின்ற சீனப் பாட்டியும் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

676இல் இங்கே இன்சோங் என்ற துறவி நிர்வாண சூத்திரத்துக்கு விரிவுரை நடத்திக்கொண்டிருந்தார். காற்றில் கொடி ஆடியது. அசைவது காற்று என்றார் ஒரு துறவி, கொடி என்றார் இன்னொருவர். கூட்டத்தில் நின்ற ஒரு வெளியாள், "காற்றும் இல்லை, கொடியும் இல்லை, அசைவது உங்கள் மனம்" என்றார். அதுதான் ஹுய்நெங். குரு பட்டம் வாங்கிப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தும் அதுவரை துறவியே ஆகவில்லை, தலைமறைவாக இருந்தவர். இந்த மரத்தடியில்தான் அவருக்கு மொட்டை அடித்தார்கள். பட்டம் முன்னால், மொட்டை பின்னால். அந்த முடியைப் புதைத்த இடத்தில் ஏழடுக்குச் செங்கல் கோபுரம் ஒன்று நிற்கிறது. அடக்கமான கோபுரம்தான், நாலு ஆள் உயரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

எல்லாரும் கொடிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அங்கே நடந்துகொண்டிருந்த பாடம் எது என்பதுதான் முக்கியமாகப் படுகிறது. நிர்வாண சூத்திரம்! எல்லா உயிர்களிடமும் புத்தத்தன்மை உண்டு என்று சொல்லும் நூல். சம்ஸ்கிருதத்தில் இந்தக் கருத்துக்கு ததாகதகர்ப்பம் என்று பேர்: புத்தரைக் கருவாகச் சுமந்திருப்பது. அதே பெயருள்ள சூத்திரம் ஒன்பது உவமை சொல்கிறது. உமிக்குள் இருக்கும் அரிசி, தேனீக்கள் மொய்க்கும் தேன், அசிங்கத்தில் விழுந்த பொன், ஏழை வீட்டுத் தரைக்கடியில் அவனுக்கே தெரியாத புதையல், கந்தலில் சுற்றிய சிலை என்று போகும். எதிலும் புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டியதில்லை. மூடியிருப்பதை விலக்கினால் போதும்.

ஆனால் இந்த 'எல்லாரும்' சும்மா கிடைத்துவிடவில்லை. நிர்வாண சூத்திரம் சீனத்துக்கு முதலில் வந்தபோது பாதி நூல்தான் வந்தது. அதில், எல்லாரும் புத்தராகலாம், இச்சந்திகரைத் தவிர என்று இருந்தது. இச்சந்திகர் என்றால் ஆசையிலேயே ஊறி, நல்லதன் வேரை அறுத்துக்கொண்டவர்கள். நம் வாத்தியார் பாஷையில், உருப்படாதவர்கள். தாவோஷெங் என்ற துறவி அதை ஒப்பவில்லை. உருப்படாதவனும் உயிர்தானே, அவனும் ஆவான் என்றார். நூலில் இல்லாததைச் சொல்கிறான் என்று மடத்தை விட்டே துரத்தினார்கள். அவர் சூச்சோவில் ஒரு குன்றில் போய் உட்கார்ந்து கல்லுகளுக்குப் போதித்தாராம். "நான் சொல்வது சரிதானே?" என்று கேட்க, கற்கள் தலையாட்டினவாம். கொஞ்ச காலத்தில், 421இல் வடமேற்கில் முடிந்திருந்த முழு மொழிபெயர்ப்பு தெற்கே வந்து சேர்ந்தது. அதில் இச்சந்திகருக்கும் உண்டு என்று எழுதியிருந்தது. துரத்தினவர்கள் முகம் எப்படி இருந்திருக்கும்!

அத்தோடும் முடியவில்லை. இருநூறு வருஷம் கழித்து யுவான் சுவாங் இந்தியா போய்த் திரும்பியபின், அவர் வழிவந்தவர்கள் மறுபடி வகை பிரித்தார்கள். உயிர்கள் ஐந்து வகை, ஒரு வகையிடம் அந்த வித்தே கிடையாது என்றார்கள். அவர்கள் ஆதாரமாகப் பிடித்துக்கொண்ட ஆசிரியர் நாலந்தாவின் தர்மபாலர். அவர் பிறந்த ஊர்? காஞ்சிபுரம். இதை எழுதிவைத்தவர் யுவான் சுவாங்கே. ஆக, மரபு சொல்கிறபடி 'எல்லாரும்' என்ற கட்சிக்கும் ஒரு காஞ்சிபுரத்துக்காரர், 'எல்லாரும் இல்லை' என்ற கட்சிக்கும் ஒரு காஞ்சிபுரத்துக்காரர். நம் ஆள் இரண்டு பக்கமும் இருப்பான்.

சாயங்காலம் இரும்புக் கோபுரங்களைப் பார்த்தோம். 963லும் 967லும் வார்த்தவை. கிழக்குக் கோபுரத்தில் சின்னச் சின்ன மாடமாகத் தொள்ளாயிரத்துக்கு மேல் புத்தர்கள். மகன் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி எண்ணப் பார்த்தான். நானும் எண்ணினேன், வரிசையாக எண்ணுவது பழக்கதோஷம்.

ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் வருகைப் பதிவேட்டில் சில பேருக்கு நேராகப் பென்சிலால் சின்னப் புள்ளி வைப்பேன். வைக்கச் சொன்னது பள்ளி. வைத்த கை என்னுடையது. தேறாது என்று அர்த்தம். அந்தப் பெற்றோரைக் கூப்பிட்டு, இந்த வருஷம் வேண்டாம், பையனைத் தனித்தேர்வராக எழுதச் சொல்லுங்கள் என்று பேசுவோம். நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பேனர் கட்ட வேண்டுமே. இச்சந்திகர் என்ற சொல்லை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு அந்தப் பென்சில்தான் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள், ஷாவ்குவான்

வேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டோம். சுமார் 200 கிலோமீட்டர். வடக்கே மலைத்தொடர். அதற்குத் தெற்கே இருப்பதால் இந்தப் பக்கத்துக்கே லிங்நான் என்று பேர், மலைக்குத் தெற்கே என்று பொருள். அந்தக் காலத்தில் தலைநகரத்துக்காரர்களுக்கு இது நாடு கடத்துகிற இடம். காய்ச்சலும் காட்டுமிராண்டிகளும் உள்ள தேசம்.

சந்தையில் யாரோ வஜ்ரசேதிகா சூத்திரம் என்ற பௌத்த நூலைச் சொல்லக் கேட்டு, விறகுக்காரன் மலை தாண்டி வடக்கே ஹுவாங்மெய் போனான். அங்கே ஐந்தாவது குரு ஹோங்ரென். முதல் சந்திப்பிலேயே அவர் கேட்டது: நீ லிங்நான்காரன், அதிலும் வேட்டுவ ஜாதிக் காட்டான், நீ எப்படிப் புத்தர் ஆவாய்? காட்டான் என்று நான் எழுதியது மரியாதையான சொல். மூலத்தில் இருப்பது தெற்கத்தி மக்களைத் திட்டுகிற வசவு. இவன் சொன்ன பதில்: ஆளுக்குத்தான் தெற்கு வடக்கு, புத்தத்தன்மைக்குத் தெற்கு வடக்கு ஏது? காட்டான் உடம்பும் உங்கள் உடம்பும் வேறேதான், புத்தத்தன்மையில் என்ன வேறுபாடு?

இதைப் படித்த அன்று எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தேன்.

ஓட்டலில் ஒரு சிக்கல். மகன் போட்டு வைத்த சின்ன ஓட்டலில், வெளிநாட்டுக்காரர்களைத் தங்கவைக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். அந்தப் பெண் கெட்டவள் இல்லை, தண்ணீர் பாட்டில் கொடுத்துத்தான் அனுப்பினாள். பெட்டியை இழுத்துக்கொண்டு வேறு இடம் தேடினோம். "பாத்தியால, லிங்நான்லயே நம்மளக் காட்டான்னுட்டாங்க" என்றேன். மகனுக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டி அவன் கையில் இருந்தது.

ராத்திரிச் சாப்பாடு வேறு கூத்து. நான் சைவம். கடைக்காரர் ஒரு பானையைக் காட்டினார். அதில் கறியும் கீரையும் சேர்ந்து கொதிக்கின்றன. கீரையை மட்டும் எடுத்துத் தருகிறேன் என்றார். மகனுக்குக் கோபம். எனக்கு ஹுய்நெங் ஞாபகம். தலைமறைவுக் காலத்தில் அவர் வேட்டைக்காரர்களோடுதான் இருந்தார். அவர்கள் கறிப் பானையில் கீரையைப் போட்டு, கீரையை மட்டும் தின்றாராம். வலையில் மாட்டிய உயிர்களைச் சமயம் பார்த்து அவிழ்த்தும் விடுவாராம். எனக்கு அவ்வளவு பக்குவம் இல்லை. வெறும் சோறு வாங்கி, கொண்டுவந்த பருப்புப் பொடியைப் போட்டுச் சாப்பிட்டேன்.

நான்காம் நாள், நான்ஹுவா கோயில்

ஊருக்குத் தெற்கே மாபா என்ற இடத்தில் இருக்கிறது. சாவோசி ஓடை. ஆறாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஓர் இந்தியத் துறவி இந்தத் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பார்த்து, மேலே நல்ல இடம் இருக்கிறது, கோயில் கட்டுங்கள் என்றாராம். தாமிரபரணிக்காரனுக்கு இது உடனே புரியும். கோயிலுக்குப் பின்னால் ஊற்று. ஜனங்கள் கேனில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்துக்குப் பழைய மரங்கள். நானும் குடித்தேன். நல்ல தண்ணீர்.

ஹுய்நெங் முப்பது வருஷத்துக்கு மேல் இங்கே இருந்தார். 713இல், தான் பிறந்த பகுதியில் இறந்தார். உடம்பை இங்கே கொண்டுவந்தார்கள். இன்னும் இருக்கிறது. கண்ணாடிக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார், அரக்குப் பூசிய கருஞ்சிவப்பு மேனி, சுமார் 80 செ.மீ. உயரம். தலையைத் திருடிப் போய்விடுவார்கள் என்று முன்கூட்டியே பயந்து கழுத்தில் இரும்புத் தகடு சுற்றினார்களாம்; நிஜமாகவே ஒருவன் திருட வந்து மாட்டினான். பண்பாட்டுப் புரட்சியில் உடம்புக்குச் சேதம் வந்தது. எலும்புகளை ஒரு துறவி ஒளித்து வைத்துக் காப்பாற்றினார், அப்புறம் சரிசெய்தார்கள். கன்ன எலும்பு தூக்கலான, சின்ன முகம். நம் ஊர்ச் சந்தையில் கட்டைச் சுமையோடு எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிட்டுவிட்டு மறந்துபோவோம். பக்கத்திலேயே 16, 17ஆம் நூற்றாண்டுத் துறவி ஹான்ஷான் தெச்சிங்கின் உடம்பும் இருக்கிறது. அதைச் சும்மா பார்த்தேன்.

இங்கே உட்கார்ந்து அந்தக் கவிதைப் போட்டியைப் பற்றி யோசித்தேன். தெரியாதவர்களுக்கு: பட்டம் யாருக்கு என்று முடிவு செய்ய, ஞானத்தைக் கவிதையாக எழுதுங்கள் என்றார் ஹோங்ரென். மூத்த சீடர் ஷென்சியூ படித்தவர். உடம்பு போதிமரம், மனம் கண்ணாடி, தினமும் துடை, தூசி படிய விடாதே என்று சுவரில் எழுதினார். அரிசி குத்திக்கொண்டிருந்த ஹுய்நெங்குக்கு எழுதத் தெரியாது. வேறொருவரை எழுதச் சொல்லிப் பதில் வைத்தார். நாம் எல்லாரும் கேட்டிருக்கும் வரி, அடிப்படையில் ஒன்றுமே இல்லை, தூசி எங்கே படியும் என்பது. ஆனால் தூன்ஹுவாங் குகையில் கிடைத்த பழைய சுவடியில் அந்த வரியே வேறு. புத்தத்தன்மை எப்போதும் தூய்மையாகவே இருக்கிறது, தூசி எங்கே என்று இருக்கிறது. பின்னாளில் யாரோ வரியை மாற்றியிருக்கிறார்கள். மாற்றியவர் கெட்டிக்காரக் கவிஞர், சந்தேகமில்லை. எனக்குப் பழைய வரிதான் பிடித்திருக்கிறது. நீ எப்படி ஆவாய் என்று கேட்கப்பட்டவன், என்னிடம் அழுக்கே இல்லை என்று சொல்கிற வரி அது.

ஆனால் உறுத்தும் ஒன்று உண்டு. முதல் நாள் பதிலிலேயே இவன் யார் என்று குருவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் எட்டு மாதம் நெல் குத்த அனுப்பினார். ஆள் லேசு, மிதிக்கிற உலக்கை எழும்பாது என்று இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு குத்தினானாம். பிறகு குரு சொன்ன காரணம்: உன்மேல் பொறாமைப்பட்டு யாராவது தீங்கு செய்வார்கள், அதனால்தான் உன்னோடு பேசவில்லை. வாத்தியார்கள் சொல்லும் சாக்கை வாத்தியார் நன்றாகவே கண்டுபிடிப்பான். எல்லாரிடமும் இருக்கிறது என்று போதிக்கிற மடத்தில்தான் காட்டான் அடுக்களைக்குப் பின்னால் இருந்தான். பட்டமும் நடுராத்திரியில், யாருக்கும் தெரியாமல் கொடுத்து, படகேற்றி அனுப்பினார்கள்.

முற்றத்தில் ஓர் இளம் துறவி நின்றார். கேட்டுவிடலாம் என்று மகனின் போனில் தமிழில் சொன்னேன்: எட்டு மாதம் ஏன் நெல் குத்த வைத்தார்? போன் ஏதோ சீனத்தில் பேசியது. துறவி ரொம்பக் கவனமாகக் கேட்டு, யோசித்து, மரியாதையாகப் பதில் சொன்னார். மகன் திரையைப் பார்த்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் கேட்டதாகப் போன் சொன்னது: உங்கள் அரிசி ஆலை எட்டு மாதமாக ஏன் பழுதாக இருக்கிறது? அவர் பதில்: கோயிலில் அரிசி ஆலை இல்லை, மாபா ஊருக்குள் விசாரித்துப் பாருங்கள், மதியச் சாப்பாடு தயார், முதலில் சாப்பிடுங்கள்.

சாப்பிட்டோம். பூசணிக்காய், டோஃபு, கீரை, சோறு. நான்கு நாளில் நிம்மதியாகச் சாப்பிட்ட ஒரே சாப்பாடு.

ஐந்தாம் நாள், யுன்மென்

ருயுவான் என்ற யாவ் பழங்குடி வட்டத்தில், ஊருக்குச் சற்று வெளியே உள்ள மடம் இது. 923இல் யுன்மென் வென்யான் நிறுவினார். ஒருவர் அவரிடம், புத்தர் என்றால் என்ன என்று கேட்டார். "காய்ந்த பீக்குச்சி" என்றார் இவர். அந்தக் காலத்தில் கழிப்பிடத்தில் துடைக்கப் பயன்பட்ட குச்சி. இதைப் பற்றி ஆயிரம் வருஷமாக விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் அந்த வரிசையில் சேரப் போவதில்லை. மகனிடம் சொன்னேன், முகம் சுளித்தான், அப்புறம் மெல்லச் சிரித்தான்.

புத்தர்களையும் குருமார்களையும் தாண்டிய பேச்சு எது என்று இன்னொருவர் கேட்டபோது அவர் சொன்ன பதில், "எள்ளு ரொட்டி." இது எனக்கு ஒத்துவரும்.

இங்கே துறவிகள் வயல் வேலை செய்கிறார்கள், அது இந்த மடத்து வழக்கம். ஒரு வயதான துறவி முட்டைக்கோஸ் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். காவித் துணியை முழங்காலுக்கு மேல் செருகியிருந்தார். நாங்கள் நின்று பார்த்தோம். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஷாவ்குவானுக்குத் திரும்பும் பஸ்ஸில் மகன் ரொம்ப நேரம் போனைப் பார்க்காமல் வந்தான். அப்புறம் கேட்டான்.

"அப்பா, நேத்து ராத்திரிதான் நீங்க போட்டதைப் படிச்சேன். அந்தப் பென்சில் புள்ளி. கடைசி வருஷம் எத்தனை பேருக்கு வச்சீங்க?"

"பதினோரு பேருக்கு."

"அதுல யாராவது பாஸ் ஆனாங்களா?"

"நாலு பேர் எங்க சொல்லைக் கேக்காமப் பரீட்சை எழுதுனாங்க. நாலு பேருமே பாஸ்."

"மீதி ஏழு பேரு?"

"எழுதவே இல்லைல."

பஸ் ஷாவ்குவானுக்குள் நுழைந்தது. ரயிலுக்கு நாற்பது நிமிஷம்தான் இருந்தது. மகன் எழுந்து பெட்டியை இறக்கினான்.